ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன்

ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் (செப்டம்பர் 15, 1893 – பெப்ரவரி 22, 1953) தமிழகத்தைச் சேர்ந்த சமூகச் சீர்திருத்தவாதியும் அரசியல்வாதியும் தோட்ட உரிமையாளரும் ஆவார். நீதிக்கட்சியிலும் சுயமரியாதை இயக்கத்திலும் முன்னணித் தலைவராக விளங்கினார். 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் இவரே. இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் (ஜில்லா போர்டு) தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று இவர் பிறப்பித்த ஆணை, தென்னிந்தியாவில் பொதுப் போக்குவரத்தில் சம உரிமையை நிலைநாட்ட எடுக்கப்பட்ட தொடக்ககால நிருவாக நடவடிக்கைகளில் ஒன்றாகும். சென்னை தியாகராய நகரில் உள்ள பாண்டி பஜார் இவர் பெயரால் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று வழங்கப்படுகிறது.

பிறப்பும் குடும்பமும்

சௌந்தரபாண்டியன் அன்றைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த பட்டிவீரன்பட்டியில் பிறந்தார். வத்தலக்குண்டுக்கு அருகில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள இவ்வூர் தற்போது திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. மலைமேல் விளையும் காப்பியைச் சமவெளிக்குக் கொண்டுவந்து பதப்படுத்தி விற்கும் தொழிலில் இவ்வூர் பெயர் பெற்றது. இவருடைய குடும்பம் காப்பித் தோட்டங்களும் வணிகமும் கொண்ட வசதியான நாடார் குடும்பம். இளம் வயதிலேயே பொது வாழ்வில் நுழைந்த இவர், தமது சமூகத்தின் சங்கப் பணிகளில் தொடங்கிப் பின்னர் மாகாண அரசியலுக்கு வந்தார்.

சமூகப் பின்னணி

சௌந்தரபாண்டியன் பிறந்த காலத்தில் தென் மாவட்டங்களின் நாடார்கள் பொருளாதாரத்தில் உயர்ந்தும் சமூக மதிப்பில் தாழ்த்தப்பட்டும் இருந்தனர். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் வணிகத்தால் வளர்ந்த இவர்கள், வண்டிப் பாதைகளை ஒட்டிப் பேட்டைகளை அமைத்திருந்தனர். மாட்டுவண்டிகளும் சரக்குகளும் இரவில் பாதுகாப்பாகத் தங்குவதற்கான மதில் சூழ்ந்த இடங்களே இப்பேட்டைகள். வணிகர்கள் தத்தம் வியாபாரத்திற்கு ஏற்பச் செலுத்திய மகமை என்னும் பொது நிதியிலிருந்து பேட்டைகளும் பின்னர்ப் பள்ளிக்கூடங்களும் பராமரிக்கப்பட்டன. ஆக, இச்சமூகத்தின் வளர்ச்சியே சாலையோடும் வண்டியோடும் பிணைந்ததாக இருந்தது.

ஆயினும் அதே சாலைகள் ஊருக்குள் நுழைந்ததும் இவர்களுக்குத் தடையாயின. கோயில் நுழைவு, தேரோடும் வீதியில் ஊர்வலம் செல்லுதல், பல்லக்கில் செல்லுதல் ஆகியவை பற்றிப் பல ஊர்களில் மோதல்கள் எழுந்தன. 1895ஆம் ஆண்டு கழுகுமலையில் தேர்வீதியைப் பயன்படுத்தும் உரிமை தொடர்பாகக் கலவரம் மூண்டது. 1897ஆம் ஆண்டு கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததைத் தொடர்ந்து இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு மதுரை நீதிமன்றத்திலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ந்து, இறுதியில் 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் அவ்வாறே முடிந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்த 1899ஆம் ஆண்டில் சிவகாசியில் பெருங்கலவரம் நிகழ்ந்தது.

கமுதி வழக்கில் நாடார் தரப்பு தம்மைச் சத்திரியர் என்று கூறி உரிமை கோரியது. அதாவது படிநிலை தவறு என்று வாதிடாமல், அப்படிநிலையில் தமக்குரிய இடம் உயர்ந்தது என்றே வாதிட்டது. சௌந்தரபாண்டியனின் தலைமுறையில் இவ்வாதம் மாறியது. தமக்கு மறுக்கப்பட்ட உரிமையைத் தமக்கும் கீழே வைக்கப்பட்டவர்களுக்கும் வழங்குவதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. இவருடைய பொது வாழ்வின் முக்கியச் செயல்கள் இக்கேள்விக்கான விடையாகவே அமைந்தன.

பொறையாறும் நாடார் மகாஜன சங்கமும்

தென் மாவட்டங்களின் சங்கமாக அறியப்படும் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது காவிரிக் கழிமுகக் கடற்கரையில் ஆகும். காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியை ஒட்டியுள்ள பொறையாறைச் சேர்ந்த செல்வந்தர் இரத்தினசாமி நாடார் 1910ஆம் ஆண்டு பெப்ரவரியில் பல மாவட்டங்களின் சமூகத் தலைவர்களை அங்கு அழைத்து முதல் கூட்டத்தைக் கூட்டினார். அவருடைய மாமாவான பொன்னுசாமி நாடார் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொறையாறு அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. தற்போது மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்தது.

இக்கூட்டத்திற்குத் தொலைவான ஊர்களிலிருந்து பிரதிநிதிகள் வந்து சேர முடிந்ததற்கு இரயில் பாதைகள் பெரிதும் துணை நின்றன. கழிமுகப் பகுதியில் தஞ்சாவூர் மாவட்டக் கழகம் வரி விதித்துத் தானே இரயில் பாதை அமைத்திருந்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட காரைக்கால் 1898ஆம் ஆண்டு பேரளத்திலிருந்து வந்த பாதையால் தென்னிந்திய இரயில்வேயோடு இணைக்கப்பட்டது. இரத்தினசாமி நாடார் 1912இல் மறைந்த பின்னர்ச் சங்கத்தின் பணி தளர்ந்தது. 1917இல் மதுரையை மையமாகக் கொண்டு மீண்டும் உயிர் பெற்ற சங்கம் கல்வி உதவி, கூட்டுறவு, வணிகம் ஆகியவற்றில் ஈடுபட்டது. அரசுப் பதிவேடுகளில் சாணார் என்ற பெயருக்கு மாற்றாக நாடார் என்ற பெயரே பயன்படுத்தப்பட வேண்டும் என்ற இச்சங்கத்தின் கோரிக்கை 1921இல் ஏற்கப்பட்டது. 1920களில் சௌந்தரபாண்டியன் இச்சங்கத்தின் முதன்மையான தலைவராக உயர்ந்தார்.

சட்டசபைப் பணி

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி 1920இல் தேர்தல் நடைபெற்று, சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி அமைத்தது. தேர்தலில் இடம் பெறாத சமூகங்களின் சார்பாகச் சிலரை ஆளுநர் நியமிக்கும் முறை இருந்தது. அவ்வகையில் நாடார் சமூகத்தின் பிரதிநிதியாகச் சௌந்தரபாண்டியன் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். இவருடைய செல்வாக்கினால் இராமநாதபுரம், மதுரைப் பகுதி நாடார்களில் பெரும்பாலோர் நீதிக்கட்சியின் பக்கம் நின்றனர்.

இக்காலத்தில் சட்டசபையின் ஒடுக்கப்பட்ட வகுப்பு உறுப்பினர்களான இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா, ஆர். வீரையன் முதலானோர் பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றை அனைவரும் பயன்படுத்தும் உரிமைக்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தனர். பொதுச் சாலையில் நடப்பதற்கு எந்த வகுப்பினருக்கும் தடையில்லை என்ற தீர்மானம் 1924இல் சட்டசபையில் நிறைவேறி, அரசாணையாகவும் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் திருவிதாங்கூரின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கான சத்தியாகிரகம் தொடங்கியது. சாலையில் நடக்கும் உரிமை தாளில் உறுதியான இவ்வேளையில், அச்சாலையில் ஓடும் வாகனத்தில் ஏறும் உரிமை புதிய சிக்கலாக எழுந்தது.

மாவட்டக் கழகங்களும் சாலைப் போக்குவரத்தும்

1920ஆம் ஆண்டுச் சென்னைத் தல நிருவாகச் சட்டத்தின்படி மாவட்டச் சாலைகளின் பராமரிப்பு மாவட்டக் கழகங்களிடம் இருந்தது. சுங்கச் சாவடிகளில் வண்டிகளுக்குச் சுங்கம் வசூலிப்பதும், தமது சாலைகளில் வாடகைக்கு ஓடும் மோட்டார் வாகனங்களுக்கு உரிமம் வழங்குவதும் இக்கழகங்களின் அதிகாரத்தில் அடங்கியிருந்தன. எந்த வழித்தடத்தில் யார் பேருந்து ஓட்டலாம் என்பதை நடைமுறையில் முடிவு செய்பவர் கழகத் தலைவரே. எனவே பேருந்து உரிமம் என்பது அக்கால மாவட்ட அரசியலில் ஆதரவாளர்களுக்கு அளிக்கப்படும் சலுகையாகவும் பலமுறை பயன்பட்டது. பின்னர் 1931ஆம் ஆண்டு மோட்டார் வாகன வரிச் சட்டம் சுங்கச் சாவடிகளை ஒழித்து மாகாணம் முழுவதற்கும் ஒரே வரியைக் கொண்டுவந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் உரிமம் வழங்கும் அதிகாரத்தை வட்டாரப் போக்குவரத்து அதிகார அமைப்புகளிடம் ஒப்படைத்தது.

தென்னிந்தியாவில் பேருந்துப் போக்குவரத்து 1910களில் பரவத் தொடங்கியது. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் தொடங்கிய சேவை முன்னோடிகளுள் ஒன்றாகும். 1920களில் ஒன்றிரண்டு வண்டிகளை மட்டுமே வைத்திருந்த சிறு உரிமையாளர்கள் பலர் இத்தொழிலில் இறங்கினர்.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து 1910இல் உருவாக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டம், இன்றைய இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களை உள்ளடக்கிய பெரிய நிலப்பரப்பாகும். மழை குறைந்த இம்மாவட்டத்தில் இரயில் பாதைகள் சிலவே இருந்தன. மண்டபம் வரையிலான பாதை 1902இலும், விருதுநகர் – தென்காசிப் பாதை 1927இலும், புதுக்கோட்டை – மானாமதுரைப் பாதை 1930இலும் வந்தன. இடையிலிருந்த நூற்றுக்கணக்கான ஊர்களுக்குச் சந்தை, நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி ஆகிய எல்லாவற்றுக்கும் பேருந்தே வழியாயிற்று. பேருந்தில் இடம் மறுக்கப்பட்டவர் அவ்வசதிகள் அனைத்திலிருந்தும் தொலைவில் நிறுத்தப்பட்டார்.

பேருந்துகளில் தீண்டாமை

இரயிலில் கட்டணத்தைப் பொறுத்து வகுப்புகள் இருந்தனவேயன்றிச் சாதியைப் பொறுத்து இருக்கைகள் பிரிக்கப்படவில்லை. மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எல்லாச் சாதியினரும் நெருங்கி அமர்ந்தே பயணம் செய்தனர். ஆயினும் இரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடங்கள் இருந்தன. சுயமரியாதை இயக்கத்தினரும் நீதிக்கட்சியினரும் நெடுநாள் எதிர்த்து வந்த இவ்வழக்கம் 1941இல் நீக்கப்பட்டது.

சாலைப் போக்குவரத்தின் நிலை வேறாக இருந்தது. வண்டி தனி ஒருவருடைய உடைமை. அதன் உரிமையாளரும் ஓட்டுநரும் நடத்துநரும் உள்ளூர்க்காரர்கள். ஏறுபவர் இன்ன சேரியைச் சேர்ந்தவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரயில் இறங்கியதும் தொடங்கும் இவ்வேறுபாட்டை அம்பேத்கர் தம் சிறுவயதில், 1901ஆம் ஆண்டளவில், மேற்கு இந்தியாவின் மசூர் இரயில் நிலையத்தில் அனுபவித்தார். இரயிலில் தடையின்றி வந்த சிறுவர்களை அங்கிருந்து ஏற்றிச் செல்ல வண்டிக்காரர் எவரும் முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைத் தாமே ஓட்டிச் செல்ல நேர்ந்தது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் தனியார் பேருந்துகள் பலவற்றில் ஆதிதிராவிடர்கள் ஏற்றப்படவில்லை. சில பேருந்துகளின் பயணச்சீட்டிலேயே அவர்களுக்கு இடமில்லை என்ற அறிவிப்பு அச்சிடப்பட்டிருந்ததாகவும் கூறப்படுகிறது. தாழ்த்தப்பட்டோர் ஏறினால் பிற பயணிகள் இறங்கிவிடுவர், அதனால் வருவாய் குறையும் என்பதே உரிமையாளர்கள் வழக்கமாகக் கூறிய காரணம். ஒருவர் துணிந்து ஏற்றினாலும் போட்டியாளர் ஏற்ற மாட்டார் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது.

உரிமம் ரத்து செய்யும் ஆணை

சௌந்தரபாண்டியன் 1928ஆம் ஆண்டில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத்தின் தலைவரானார். இப்பதவியில் இருந்தபோது, ஆதிதிராவிடர் உள்ளிட்ட எவரையும் சாதி காரணமாக ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்து செய்யப்படும் என ஆணையிட்டார். கழகம் வழங்கும் உரிமத்தால் ஓடும் வண்டி, கழகம் பராமரிக்கும் சாலையில் ஓடுகிறது. அச்சாலைக்கான வரியை எல்லா வகுப்பினரும் செலுத்துகின்றனர். எனவே பொதுச் சாலையில் பொது உரிமத்தின்படி ஓடும் வண்டியில் பொதுமக்களில் ஒரு பகுதியினரை மட்டும் விலக்க இயலாது என்பது இவ்வாணையின் அடிப்படையாகும்.

இவ்வாணை மூன்று வகைகளில் முந்தைய முயற்சிகளிலிருந்து வேறுபட்டது.

முதலாவதாக, 1924ஆம் ஆண்டுத் தீர்மானம் போன்றவை உரிமை உண்டு என்று அறிவித்தன. ஆனால் அவ்வுரிமை மறுக்கப்பட்டால் பாதிக்கப்பட்டவரே வழக்காட வேண்டியிருந்தது. கூலிவேலை செய்து வாழும் ஒருவர் தம் ஊர் நிலவுடைமையாளர்களையோ பேருந்து முதலாளியையோ எதிர்த்து நீதிமன்றம் செல்வது எளிதன்று. சௌந்தரபாண்டியனின் ஆணை அப்பாரத்தைப் பயணியிடமிருந்து உரிமையாளரிடம் மாற்றியது.

இரண்டாவதாக, சிறு அபராதம் செலுத்தித் தப்பிக்கும் வழி இதில் இல்லை. உரிமம் போனால் வண்டியே நின்றுவிடும். கடன் வாங்கி வண்டி வாங்கியிருந்த உரிமையாளருக்கு இது பெரும் இழப்பாகும்.

மூன்றாவதாக, ஆணை எல்லாப் பேருந்துகளுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தியது. எல்லா வண்டிகளும் எல்லோரையும் ஏற்ற வேண்டும் என்ற நிலையில், பயணிகள் போட்டியாளரின் வண்டிக்குச் சென்றுவிடுவர் என்ற உரிமையாளர்களின் வாதம் வலுவிழந்தது. சாதி இந்துப் பயணிக்கு உடன் அமர்ந்து செல்வது அல்லது நடந்து செல்வது என்ற இரண்டு வழிகளே இருந்தன.

இவ்வாணைக்கு எல்லைகளும் இருந்தன. இது ஒரு மாவட்டத்திற்கு மட்டுமே உரியது. மாவட்ட எல்லையைத் தாண்டியதும் இதன் பாதுகாப்பு நின்றது. பதவியில் இருப்பவரின் உறுதியைப் பொறுத்தே இது செயல்பட்டது. பேருந்தில் ஏறும் உரிமையைத் தந்ததேயன்றி, இறங்கும் ஊரில் தேநீர்க்கடையிலும் கிணற்றடியிலும் நிலவிய வேற்றுமையை இதனால் தொட இயலவில்லை. இருப்பினும், சட்டம் இயற்றப்படும் வரை காத்திராமல், கையிலுள்ள நிருவாக அதிகாரத்தைக் கொண்டே சமூக வேற்றுமையை நீக்கலாம் என்பதற்கு இது முன்மாதிரி ஆயிற்று. ஆதரவாளர்களுக்கு வழங்கும் சலுகையாகப் பலர் கருதிய உரிம அதிகாரத்தை இவர் வலுவற்றவர்களின் உரிமைக்காகப் பயன்படுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு

ஈ. வெ. இராமசாமி 1925இல் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்திற்குச் சௌந்தரபாண்டியன் தொடக்கத்திலிருந்தே ஆதரவளித்தார். 1929ஆம் ஆண்டு பெப்ரவரி 17, 18 ஆகிய நாட்களில் செங்கல்பட்டில் நடைபெற்ற முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டிற்கு இவர் தலைமை தாங்கினார். பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதும், சாலை, குளம், கிணறு முதலான பொது இடங்கள் அனைவருக்கும் உரியவை என்பதும் இம்மாநாட்டில் வலியுறுத்தப்பட்டன. பெண்களுக்குச் சொத்துரிமை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவை பற்றியும் தீர்மானங்கள் நிறைவேறின.

பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சேர்க்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானமும் இம்மாநாட்டில் நிறைவேறியது. இதனையடுத்துச் சௌந்தரபாண்டியன் நாடார் என்ற பட்டத்தைத் துறந்தார். ஒரு சாதிச் சங்கத்தின் தலைவராக மாகாணம் முழுவதும் அறியப்பட்டவர் அச்சாதிப் பெயரைத் தம் பெயரிலிருந்து நீக்கியது அக்காலத்தில் பெரிதும் கவனிக்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான் அவருடைய சமூகம் அப்பெயரை அரசு ஏட்டில் பதிவு செய்யப் போராடி வெற்றி பெற்றிருந்தது. சௌந்தரபாண்டியன் சுயமரியாதைச் சங்கத்தின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார். இவ்வியக்கத்தின் மூன்றாம் மாகாண மாநாடு 1931இல் விருதுநகரில் நடைபெற்றதற்கு, அப்பகுதியில் இவர் பெற்றிருந்த செல்வாக்கும் ஒரு காரணமாகும்.

அக்கால எதிர்ப்புச் சூழல்

பேருந்து ஆணையின் முக்கியத்துவத்தை அதே மாவட்டத்தின் அக்கால நிகழ்வுகளோடு சேர்த்தே புரிந்துகொள்ள இயலும். 1930ஆம் ஆண்டு திசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். தங்க, வெள்ளி நகைகள் அணியக்கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது, சட்டை அணியக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் பயன்படுத்தக்கூடாது, குடை பிடிக்கவோ செருப்பு அணியவோ கூடாது என்பன அவற்றுள் அடங்கும். இவற்றை மீறியோரின் குடிசைகளும் உடைமைகளும் அழிக்கப்பட்டன. 1931ஆம் ஆண்டு சூனில் தடைகள் பதினொன்றாக உயர்ந்தன. செருப்பு அணிந்து நடப்பதையே பொறுக்காத சூழலில், பேருந்தில் அருகமர்ந்து செல்வது எத்தகைய மாற்றம் என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

பிற்காலமும் மறைவும்

சௌந்தரபாண்டியன் பின்னாளில் மதுரை மாவட்டக் கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். 1930களின் பிற்பகுதியில் நீதிக்கட்சியின் செல்வாக்கு சரிந்து காங்கிரசு வளர்ந்தபோது நாடார் சமூகத்தின் அரசியல் சார்பும் மாறத் தொடங்கியது. விருதுநகரைச் சேர்ந்த காமராசர் அம்மாற்றத்தின் முகமானார். சௌந்தரபாண்டியன் 1953ஆம் ஆண்டு பெப்ரவரி 22 அன்று காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

சட்ட வளர்ச்சி

ஒரு மாவட்டத்தின் ஆணையாக இருந்த கொள்கை பின்னர்ப் படிப்படியாகச் சட்டமாயிற்று. எம். சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணத்தில் 1938இல் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு பொதுச் சாலைகளையும் பொது இடங்களையும் பயன்படுத்துவதில் சாதி வேற்றுமையைத் தடை செய்தது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பொது ஊர்திகளில் ஏற மறுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. இச்சட்டம் 1976இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1970களில் தமிழ்நாட்டில் பேருந்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தோன்றின.

ஒத்த நிகழ்வுகள்

சௌந்தரபாண்டியன் பிறந்த 1893ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அய்யன்காளி வில்வண்டியில் ஏறிப் பொதுச் சாலையில் சென்று தடையை மீறினார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மாண்ட்கோமரியில் ரோசா பார்க்சு கைது செய்யப்பட்டதைத் தொடர்ந்து 1955 திசம்பரில் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்து, நீதிமன்றத் தீர்ப்பால் வெற்றி பெற்றது. மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளில் நிறவேற்றுமை முடிவுக்கு வர, 1961ஆம் ஆண்டு விடுதலைப் பயணங்களுக்குப் பின்னர், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் நடுவண் ஆணையம் கட்டளையிட வேண்டியிருந்தது. ஒழுங்குபடுத்தும் அமைப்பே சம உரிமையை வலியுறுத்தும் இம்முறை, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இராமநாதபுரத்தில் கையாளப்பட்ட முறையை ஒத்ததாகும்.

1997ஆம் ஆண்டு நிகழ்வுகள்

பழைய இராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு பகுதியான விருதுநகரில் 1997ஆம் ஆண்டு புதிய அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் இருந்த தேவேந்திரகுல வேளாளர் சமூக வீரரான சுந்தரலிங்கத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அப்பெயர் தாங்கிய பேருந்துகளில் ஏற மாட்டோம் என்று பிற சமூகத்தினர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தென் மாவட்டங்களில் கலவரங்கள் மூண்டு உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. இதனையடுத்து அரசு அவ்வாண்டிலேயே எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒடுக்கப்பட்டோர் ஏறக்கூடாது என்று தடுக்கப்பட்ட அதே சாலைகளில், ஒடுக்கப்பட்டோர் ஒருவரின் பெயர் தாங்கிய பேருந்து தடுக்கப்பட்டது. இருக்கையில் கிடைத்த சமத்துவம் பெயர்ப்பலகை வரை எட்டவில்லை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

நினைவு

1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது உருவான சென்னை தியாகராய நகரின் தெருக்கள், பூங்காக்கள் பலவற்றிற்கு அக்கட்சியின் தலைவர்கள் பெயர்கள் இடப்பட்டன. அவ்வழியில் தியாகராயர் சாலையிலுள்ள கடைவீதி சௌந்தரபாண்டியனார் அங்காடி எனப்பட்டது. மக்கள் வழக்கில் இது பாண்டி பஜார் எனச் சுருங்கியது. இதனால் புதுச்சேரியைக் குறிக்கும் பாண்டி என்ற சொல்லே இப்பெயருக்குக் காரணம் என்று கருதுவோரும் உண்டு. 2019ஆம் ஆண்டு நவம்பரில் இக்கடைவீதியில் நடைபாதைகள் அகலப்படுத்தப்பட்டு, வாகனங்களுக்கான இடம் குறைக்கப்பட்டு, நடந்து செல்வோருக்கு முதன்மை தரும் வளாகமாகத் திறக்கப்பட்டது. பொதுச் சாலையும் பொது ஊர்தியும் எல்லோருக்கும் உரியவை என்று ஆணையிட்டவரின் பெயரைத் தாங்கிய தெரு, நடப்பவர்களுக்கான தெருவாக மாறியுள்ளது.